ஓட்டுநர் தேவை, மூன்றாம் முறை

முதல் விளம்பரம்
ஓஸ்லோவிலிருந்து வந்த அச்சில் ஊற்றியது.
துடிப்பும் தன்முனைப்பும் கொண்ட,
சவால்களை நேசிக்கும்,
குழுவோடு சேர்ந்து உயரப் பறக்கும் நபர்.
பனி என்ற சொல் அதில் இல்லை.
இருவர் விண்ணப்பித்தார்கள்.
ஒருவரிடம் லாரி உரிமம் இல்லை.
மற்றவர் பெர்கனிலிருந்து தொலைபேசியில் கேட்டார்:
"எல்லாம் சரி, வேலை என்ன?"
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கமும் வெள்ளை.

கூட்டுவது என்றால்
சேர்ப்பதும்தான், பெருக்கித் தள்ளுவதும்தான்.
இரண்டாம் முறை நான் சேர்த்தேன்.
போட்டித்தன்மை வாய்ந்த ஊதியம் என்றேன்
(ஸ்கார்விக்கில் யாரோடு போட்டி?
மீன் ஆலையோடா, கடலோடா?)
இயற்கையின் மடியில் பணிச்சூழல் என்றேன்.
செய்தித்தாள்காரன் சொல்லுக்கு இவ்வளவு என்று
கறாராகக் காசு வாங்கினான்.
ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

பிறகுதான் ஓட்முண்டிடம் போனேன்.
மார்ச்சோடு வேலையை விடுகிறவர்.
எதற்கென்று கேட்காமல்
கட்டைவிரலால் கதவைக் காட்டினார். ஏறினேன்.
இரவு இரண்டே முக்கால்.
முன்னால் இரும்புத் தகடு இறங்கியபோது
என் பற்களுக்குள் சத்தம் கேட்டது.

சாலை தெரியவில்லை.
இருபுறமும் நட்ட சிவப்புக் குச்சிகள்தான் தெரிந்தன.
"குச்சி இருக்கிற வரை சாலை இருக்கு" என்றார்.
இருபத்தேழாவது கிலோமீட்டரில்
காற்று குறுக்கே விழுந்து
குச்சியையும் கொண்டுபோனது.
அவர் வண்டியை நிறுத்தி
ஒரு பிஸ்கெட்டை முழுதாகத் தின்று முடித்தார்.
அதுவும் வேலைதான் என்று எழுதிக்கொண்டேன்,
கையுறையோடு, கோழி கிளறினாற்போல.

ஏன் விடுகிறீர்கள் என்றேன்.
முதுகு என்றார்.
பாலம் தாண்டி, ரேடியோ செத்த பிறகு,
"முதுகு மட்டும் இல்ல" என்றார்.
மேலே கேட்கவில்லை.
விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

காலையில் சட்டையைக்கூட மாற்றாமல் எழுதினேன்:

பனி அள்ளும் வண்டிக்கு ஓட்டுநர் தேவை.
அக்டோபர் முதல் மே வரை.
இரண்டு மணிக்கு எழ வேண்டும், இரவு இரண்டு.
நாற்பத்தொரு கிலோமீட்டர், போகவும் வரவும்.
ஏழு இருபதுக்குப் பள்ளிப் பேருந்து வரும்,
அதற்குள் சாலை இருக்க வேண்டும்.
கலைமான்கள் குறுக்கே நின்றால்
காத்திருக்க வேண்டியது நீங்கள்.
கனரக உரிமம் கட்டாயம்.
பனியில் ஓட்டிய அனுபவம் இருந்தால் நல்லது,
இல்லாவிட்டால் மூன்று வாரம் நாங்கள் கற்றுத்தருவோம்.
தனிமை பிடிக்காதவர்கள் யோசித்து எழுதவும்.

சம்பளத்துக்கு எண்ணையே போட்டேன்.
எண்ணைப் பார்த்ததும் மேலதிகாரி ஷெல்-ஆர்னே
கண்ணாடியைக் கழற்றினார்.
"கடைசி வரி ஆட்களைப் பயமுறுத்தும்."
பயப்படுகிறவர் இப்போதே பயப்படட்டும்,
நவம்பரில், நடுச்சாலையில் வேண்டாம் என்றேன்.
அவர் பென்சில் எடுத்து
ஓட்டுநருக்கு முன்னால்
'துடிப்பான' என்று செருகினார்.
அவர் காபிக்குப் போனதும் அழித்தேன்.
இரவு இரண்டு மணிக்கு
துடிப்பு நாடியில் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.
கராஷோக்கிலிருந்து மாரெட் என்ற பெண்.
பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது.
சம்பளம் கேட்கவில்லை, இருட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
"ஹீட்டர் வேலை செய்யுமா?"

எனக்குத் தெரியவில்லை.
அன்றிரவு முழுக்க அந்த வண்டியில் இருந்திருக்கிறேன்,
குளிரைக் குளிர் என்று மட்டும் எண்ணியிருக்கிறேன்.
அவரை இணைப்பில் வைத்துவிட்டு
ஓட்முண்டைக் கூப்பிட்டேன்.
"இடப்பக்கம் மட்டும்" என்றார். "ஆறு வருஷமா."

மறைக்காமல் சொன்னேன்.
நாய்கூட நிறுத்திவிட்டது.
போய்விட்டார் என்றே நினைத்தேன்.

"அப்படியானால் வலது காலுக்கு ரெண்டு சாக்ஸ்" என்றார் மாரெட்.
"எப்போ வந்து பார்க்கட்டும்?"